காலடியில் ஒரு புராணம்: யூபிரட்டீசுக் கரையின் ஓவியத் தரைகள்

பண்டைய மக்களின் வாழ்வை அறிய விரும்புவோர் பெரும்பாலும் அவர்கள் எழுப்பிய கோயில்களையும் கோட்டைகளையும் நாடிச் செல்வர். கோயில் வழிபாட்டைக் கூறும். கோட்டை போரைக் கூறும். ஆனால், ஒரு குடும்பம் காலையில் எழுந்து, நீர் மொண்டு, விருந்தினரை வரவேற்று, உண்டு, உறங்கிய செய்தியை இவ்விரண்டும் கூறா. அதனை அறியவேண்டின் வீட்டுக்குள்ளே நுழைதல் வேண்டும். பழைய வீடோ எளிதில் எஞ்சுவதில்லை. கூரை முதலில் விழும், பின்னர் சுவர் சரியும், மரம் மக்கும். எல்லாம் போனபின்னும் எஞ்சி நிற்பது தரை ஒன்றே.

அந்தத் தரையிலேயே தம் புராணக் கதைகளை எழுதிவைத்த ஒரு நகரத்துச் செல்வரைப் பற்றியும், அத்தரைகளுக்கு நம் காலத்தில் நேர்ந்த கதியைப் பற்றியும் இங்கே கூற விரும்புகின்றோம். அந்நகரம் துருக்கி நாட்டில், யூபிரட்டீசு நதிக்கரையில் இருந்த சியூக்மா. அணை கட்டியதால் நீர் ஏறி ஊரை மூடிய கதை அது. ஆகையால், லக்கல வாழ்வோருக்கு அது அந்நியமான கதையன்று.

இணைக்கும் ஊர்

மாவீரன் அலெக்சாந்தர் இறந்தபின் அவனுடைய பேரரசைத் தளபதிகள் பங்கிட்டுக்கொண்டனர். அவர்களுள் ஒருவன் செலூக்கஸ். இவனை நம்மவர் அறிவர். சந்திரகுப்த மௌரியனோடு உடன்படிக்கை செய்து, சிந்து நதிப்புறத்து நாடுகளை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக 500 யானைகளைப் பெற்றவன் இவனே. பாடலிபுத்திரத்துக்குத் தூதுவராகச் சென்ற மெகஸ்தனீஸ் என்பவரும் இவன் காலத்தவர். நம் இலங்கையைத் தப்ரபேன் என்னும் பெயரால் மேல்நாட்டாருக்கு அறியத்தந்தவருள் அவரும் ஒருவர்.

இந்தச் செலூக்கஸ் கி.மு. 300 ஆம் ஆண்டளவில் யூபிரட்டீசு நதியின் மேற்குக் கரையில் தன் பெயரால் ஒரு நகரையும், எதிர்க்கரையில் தன் மனைவி அபாமாவின் பெயரால் மற்றொரு நகரையும் அமைத்தான். இரு நகரங்களையும் ஒரு பாலம் இணைத்தது. நாளடைவில் மேற்குக் கரை நகருக்குச் சியூக்மா என்பதே பெயராயிற்று. கிரேக்க மொழியில் இச்சொல் இணைப்பு எனப் பொருள்படும். இரண்டு எருதுகளை ஒரு நுகத்தில் பூட்டுதலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது அது. வடமொழியில் யோகம் என்னும் சொல்லுக்கு அடியாகிய யுஜ் என்பதும் அதே வேரின் கிளையே என்பர் மொழிநூலார். சொல்லளவில் சியூக்மாவும் யோகமும் உடன்பிறந்தவை என்றால் மிகையாகாது.

கி.மு. முதலாம் நூற்றாண்டில் இப்பகுதி உரோமரின் செல்வாக்குள் வந்தது. கிழக்கேயுள்ள பார்த்தியரின் நாட்டுக்கும் மேற்கேயுள்ள உரோமரின் நாட்டுக்கும் இடையே ஆறு கடக்கும் துறையாக இருந்தமையால், உரோமர் இங்கே நாலாவது சித்திய லீஜியன் என்ற படையை நிறுத்தினர். படை வந்தால் சந்தை வரும்; சந்தை வந்தால் வரி வரும். கிழக்கிலிருந்து வந்த பட்டும் வாசனைப் பொருள்களும் ஆற்றைக் கடந்து அந்தியோக்கியா நகருக்குச் சென்றன. ஆவணங்களையும் பொதிகளையும் கட்டி முத்திரை இடுவதற்குப் பயன்பட்ட களிமண் முத்திரைகள் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டவை இந்நகரின் இடிபாடுகளில் அகப்பட்டுள்ளன. எத்தனை கணக்குகள், எத்தனை ஒப்பந்தங்கள் அங்கே நடந்திருக்கும் என்பதை அவையே சொல்லும்.

அக்காலத்து இலங்கையும் இந்த வணிக உலகத்துக்குப் புறம்பாக இருந்ததில்லை. மன்னாரை அடுத்த மாதோட்டம் கடல் வணிகர் கூடும் துறையாக விளங்கியது. உரோம நாணயங்கள் இத்தீவின் பல இடங்களில் கிடைத்துள்ளன. குளோதியஸ் என்னும் உரோமப் பேரரசனிடம் தப்ரபேனிலிருந்து தூதுக்குழு வந்த செய்தியைப் பிளினி எழுதிவைத்துள்ளார்.

தரை சமைத்த விதம்

துறைமுகம்போன்ற அந்த ஆற்றுத்துறையில் பொருளீட்டிய செல்வர், நதியை நோக்கிச் சரியும் மலைச்சாரலில் படிப்படியாகத் தளம் அமைத்து மாளிகைகள் கட்டினர். நடுவே திறந்த முற்றம். சுற்றிலும் தூண் வரிசை. முற்றத்தில் ஆழமில்லாத நீர்த்தொட்டி. அதனைச் சூழ்ந்து அறைகள். நம் நாட்டு நாற்சார் வீட்டை அறிந்தவருக்கு இவ்வமைப்பு விளங்குவதற்கு விளக்கம் வேண்டாம். வேறுபாடு தரையிலே இருந்தது. அவர்கள் தரை முழுவதையும் மொசைக் எனப்படும் கற்பதிப்பினால் ஓவியமாக்கினர்.

கற்பதிப்பு என்பது வண்ணக் கற்களை விரல்நகத்தினும் சிறிய சதுரத் துண்டுகளாக உடைத்து, ஈரச் சுண்ணச்சாந்தில் ஒவ்வொன்றாகப் பதித்து உருவம் சமைக்கும் கலை. மேலே தெரியும் ஓவியத்தைவிடக் கீழே மறைந்திருக்கும் வேலை பெரிது. விற்றுரூவியஸ் என்னும் உரோமக் கட்டடக் கலைஞர் தம் நூலின் ஏழாம் பகுதியில் இதனை விளக்கியுள்ளார். முதலில் நிலத்தை இடித்து இறுக்கவேண்டும். அதன்மேல் கைம்முட்டி அளவுக்குக் குறையாத கற்களைப் பரப்பவேண்டும். அடுத்து, உடைகல் மூன்று பங்குக்குச் சுண்ணாம்பு ஒரு பங்கு கலந்த சாந்தைக் கொட்டி, ஆட்கள் கூட்டமாக நின்று மரக்கட்டைகளால் இடித்து, முக்கால் அடி கனத்துக்குக் கொண்டுவரவேண்டும். அதற்கும் மேலே, இடித்த ஓட்டுத்தூள் மூன்று பங்கும் சுண்ணாம்பு ஒரு பங்கும் சேர்ந்த படை. இவ்வளவும் முடிந்த பின்னரே கல் பதிப்பவன் தன் மெல்லிய சாந்தை விரித்து வேலையைத் தொடங்குவான். ஈராயிரம் ஆண்டு கழித்தும் அத்தரைகள் வெடியாமல் கிடந்தமைக்குக் காரணம், கண்ணுக்குத் தெரியாத இந்த அடிப்படையே.

சிவப்பு, மஞ்சள், கருமை, வெண்மை ஆகிய நிறங்களுக்குக் கற்களே போதின. கல்லில் எளிதிற் கிடைக்காத நீலத்துக்கும் பச்சைக்கும் கண்ணாடித் துண்டுகளைப் பயன்படுத்தினர். முகத்துக்கு மிகச் சிறிய துண்டு; ஆடைக்குச் சற்றுப் பெரியது; ஓரத்துக் கோலத்துக்கு இன்னும் பெரியது. கன்னத்தின் வளைவைப் பின்பற்றிக் கல்வரிசையும் வளைந்து செல்லும். தம் வேலையில் பெருமைகொண்ட சிலர் தம் பெயரையும் பதித்தனர். சமோசாட்டா என்னும் ஊரைச் சேர்ந்த சோசிமோஸ் என்பவனுடைய பெயர் சியூக்மாத் தரையில் இன்றும் படிக்கத்தக்கதாய் உள்ளது. வீட்டுக்காரர் பலருடைய பெயரை மறந்துவிட்ட உலகம், தரையில் குனிந்து வேலைசெய்த அத்தொழிலாளியின் பெயரை மறக்கவில்லை.

வீட்டினுள்ளே தெய்வங்கள்

இனி, அத்தரைகளில் என்ன எழுதினர் என்பதைக் காண்போம். ஆய்வாளர் ஒரு மாளிகைக்குப் பொசைடன் வீடு என்றும், மற்றொன்றுக்கு யூபிரட்டீசு வீடு என்றும் பெயரிட்டுள்ளனர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அவை சிறப்புற்று விளங்கின.

பொசைடன் கிரேக்கரின் கடற்கடவுள். நம் வருணனை ஒத்தவன். முற்றத்து நீர்த்தொட்டியின் அடியில், கடற்குதிரைகள் இழுக்கும் தேரில் அவன் வருகின்றான். கீழே ஆதிநீரின் தலைவனாகிய ஓசியானசும் அவன் தேவி தெத்திசும் மீன்கள் சூழக் காட்சியளிக்கின்றனர். தொட்டியில் நீர் நிறைந்ததும், காற்றில் நீர் அசையும்போதெல்லாம் மீன்கள் நீந்துவனபோலத் தோன்றியிருக்கும். அடுத்த மாளிகையின் தொட்டியிலோ யூபிரட்டீசு நதியே ஒரு தெய்வமாகச் சாய்ந்து கிடக்கின்றது. தமக்குச் சோறும் பொருளும் அளித்த ஆற்றை வீட்டின் நடுவிலே இருத்தி அவர்கள் போற்றினர். நம் ஆலய வாயில்களில் கங்கையும் யமுனையும் நிற்பதைக் கண்ட கண்களுக்கு இது புதுமையன்று.

மற்றொரு தொட்டியின் தரையில் அக்கிலீசின் கதை உள்ளது. இக்கதையை நம் இளைஞர் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். துரோயா நகரப் போருக்குச் சென்றால் மகன் மாள்வான் என்பதை அறிந்த தாய், அவனுக்குப் பெண்வேடம் இட்டு ஸ்கைரோஸ் தீவின் அரசனுடைய அந்தப்புரத்தில் ஒளித்துவைத்தாள். அவனைத் தேடிவந்த ஒடிசியஸ், அணிகலன்களோடு படைக்கலங்களையும் பரப்பிவைத்துப் போர்முழக்கம் எழச் செய்தான். பெண்கள் அஞ்சி ஓடினர். அக்கிலீஸ் மட்டும் கேடயத்தையும் ஈட்டியையும் பற்றினான். வேடம் கலைந்தது. அந்தக் கணத்தையே கல்லில் நிறுத்தினான் கலைஞன்.

விராட நகரத்தில் பிருகந்நளையாக இருந்து உத்தரைக்கு நடனம் கற்பித்த அருச்சுனன் இங்கே நம் நினைவுக்கு வருகின்றான் அல்லவா? பசுக்கூட்டத்தைக் கௌரவர் கவர்ந்தபோது, வன்னிமரத்தில் ஒளித்துவைத்த காண்டீவத்தை அவன் எடுத்தான், வேடம் கலைந்தது. இரு கதைகளும் ஒன்றுபோலத் தோன்றினும் உட்கருத்து வேறு. அக்கிலீசுக்கு வேடம் இட்டது தாயின் அச்சம்; அருச்சுனனுக்கு வேடம் இட்டது கொடுத்த வாக்கு. அவன் ஆயுதம் எடுத்தது தன் சாவை நோக்கி. இவன் எடுத்தது வாக்கு நிறைவேறிய பின்னர், அடைக்கலம் தந்தவனுடைய பசுக்களை மீட்பதற்கு. பிறர் புராணத்தை அறிவதால் நம் புராணத்தின் தனிச்சுவை மேலும் தெளிவாகின்றது.

டயோனிசஸ் என்னும் திராட்சை மதுவின் தெய்வமும் இவ்வீடுகளில் பலமுறை வருகின்றான். வெற்றித் தேவதை உடனிருக்க, சிறுத்தைகள் பூட்டிய தேரில் அவன் ஊர்ந்து வருவதை ஒரு தரையில் காணலாம். அவன் இந்தியா வரை சென்று வென்று மீண்டான் என்பது கிரேக்கரிடையே வழங்கிய கதை. வரலாற்றில் அவ்வாறு நிகழ்ந்ததற்குச் சான்று இல்லை. ஆயினும், தூரத்து நாடு ஒன்றின் செல்வத்தைக் கண்டு வியந்தோர், அங்கே தம் தெய்வமும் சென்றிருத்தல் வேண்டும் என்று எண்ணினர் போலும்.

காலடியில் தெய்வமா?

இங்கே நம் முதியோர் ஒரு கேள்வி கேட்பர். தெய்வ உருவத்தைத் தரையில் எழுதி அதன்மேல் நடப்பது அபசாரம் அன்றோ? நம் வாசலிற் போடும் கோலத்திலும் தெய்வ உருவத்தின்மேல் காலை வைக்க எவரும் உடன்படார்.

கேள்வி நியாயமானதே. அதற்கு ஒரு பகுதி விடையை வீட்டின் அமைப்பே தருகின்றது. தொட்டியின் அடியில் உள்ள உருவத்தை எவரும் மிதிப்பதில்லை, நீரினூடே பார்ப்பர். விருந்து மண்டபத்தில் மூன்று சுவர்களையும் ஒட்டிச் சாய்விருக்கைகள் இருக்கும். அவற்றின் கீழ் வரும் பகுதியில் வெறும் கட்டங்களும் கொடிகளுமே பதித்திருப்பர். விருந்தினர் சாய்ந்து நோக்கும் நடுவிடத்திலே கதை இருக்கும். உண்டபின் இக்கதை எது, இவள் யார் என்று பேசிக்கொள்வதற்கும், வீட்டுக்காரர் தம் கல்வியைக் காட்டிக்கொள்வதற்கும் அது உதவியது. அவர்களுக்கு அது வழிபடும் உருவம் ஆகாது. படித்துச் சுவைக்கும் காவியம். வழிபாட்டுக்குரிய சிலைகள் வேறாக இருந்தன.

ஆயினும், அதே உரோமப் பேரரசு கிறித்தவ சமயத்தைத் தழுவியபின் இக்கேள்வி அங்கும் எழுந்தது. சிலுவை அடையாளத்தைத் தரையில் பொறித்தலாகாது எனத் தியோடோசியஸ் பேரரசன் கி.பி. 427 இல் ஆணையிட்டான். நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான செய்தி ஒன்று உண்டு. அனுராதபுரத்துச் சந்திரவட்டக் கல்லில் யானை, குதிரை, சிங்கம், எருது ஆகியவை வரிசையாகச் செல்லும். பொலன்னறுவைக் காலத்துக் கல்லில் எருதைக் காணோம். சிவபெருமானுடைய வாகனத்தை மிதித்தல் தகாது என்ற எண்ணம் பரவியதே இதற்குக் காரணம் என ஆய்வாளர் பலர் கருதுவர். எதனை மிதிக்கலாம், எதனை மிதிக்கலாகாது என்பதில் ஒரு சமூகத்தின் உள்ளம் வெளிப்படுகின்றது.

தீயும் மண்ணும் நீரும்

நிற்க. செல்வம் நிலையாமையை உணர்த்துவதற்குச் சியூக்மாவைப்போலச் சிறந்த சான்று வேண்டியதில்லை. கி.பி. 253 ஆம் ஆண்டளவில் பாரசீக மன்னன் சாப்பூர் இந்நகரைத் தாக்கினான். வீடுகள் தீப்பற்றின, கூரைகள் தரைமீது விழுந்தன. போர்க்கடவுளாகிய மார்சின் வெண்கலச் சிலை, இந்நகரத்து மாளிகை ஒன்றினுள்ளேயே புதைந்து கிடந்தது. நகரம் பழைய நிலைக்கு மீளவேயில்லை. மலைச்சாரலின் மண் மழைதோறும் சரிந்து வந்து, எரிந்த வீடுகளை மெல்ல மூடியது. வீட்டை அழித்த தீக்குப்பின் வந்த மண், தரையைக் காக்கும் போர்வையாயிற்று. மேலே தோட்டங்கள் வளர்ந்தன. உழவர் வாழ்ந்த சிற்றூருக்குப் பெல்கிஸ் என்று பெயர் வழங்கிற்று.

ஏறத்தாழ 1,750 ஆண்டுகளுக்குப் பின்னர் அடுத்த ஆபத்து வந்தது. மின்சாரத்துக்கும் பாசனத்துக்குமாகத் துருக்கி அரசு யூபிரட்டீசின் குறுக்கே பிரெஜிக் என்னும் அணைக்கட்டைக் கட்டியது. அணை எழ எழ, ஆய்வாளரும் விரைந்தனர். 2000 ஆம் ஆண்டில் நீர் ஏறத் தொடங்கியபோதும் அகழ்வு நடந்துகொண்டே இருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வெளியான செய்தி உலகின் கவனத்தை ஈர்த்தது. பக்கார்ட் மானிடவியல் நிறுவனம் 50 இலட்சம் டொலர் அளித்தது. பல நாட்டு வல்லுநர் வந்து சேர்ந்தனர். கோடை வெயிலில், ஏறிவரும் நீரோடு போட்டியிட்டு அவர்கள் உழைத்தனர்.

கற்பதிப்பைப் பெயர்ப்பது எவ்வாறு? முதலில் மேற்பரப்பைத் துடைத்து, அதன்மேல் துணியைப் பசையிட்டு ஒட்டுவர். பசை காய்ந்ததும், அடியிலுள்ள பழைய சாந்தை நீண்ட உளிகளால் அறுத்து, துணியோடு கற்களையும் பகுதி பகுதியாகத் தூக்குவர். பின்னர், புதிய தளத்தில் பதித்து, துணியைக் கழற்றுவர். இவ்வாறு மீட்கப்பட்ட தரைகள் காசியாந்தெப் நகருக்குச் சென்றன. அங்கே 2011 இல் திறக்கப்பட்ட சியூக்மா நூதனசாலையில் இன்று பொசைடனையும் அக்கிலீசையும் யூபிரட்டீசுத் தெய்வத்தையும் காணலாம். மேட்டிலிருந்த சில வீடுகளை இருந்த இடத்திலேயே கூரை அமைத்துக் காத்துவருகின்றனர். தாழ்ந்த பகுதியோ நீரின் கீழே போயிற்று. தொட்டியில் ஆற்றை எழுதிவைத்த வீட்டுக்குள், இறுதியில் அந்த ஆறே வந்து குடியேறியது.

களவு போன முகம்

நீருக்கு முன்னரே களவு வந்தது என்பதையும் சொல்லவேண்டும். டயோனிசசும் அரியாத்னேயும் மணம் முடிக்கும் காட்சியுள்ள தரை 1992 இல் கண்டெடுக்கப்பட்டு, இருந்த இடத்திலேயே விடப்பட்டது. 1998 இல் கள்வர் அதன் பெரும்பகுதியை வெட்டிச் சென்றனர். மற்றொரு வீட்டுத் தரையில் எஞ்சியிருந்தது ஒரு பெண்ணின் முகம் மட்டுமே. கலைந்த கூந்தலும், எப்பக்கம் நின்றாலும் நம்மையே நோக்குவனபோன்ற கண்களும் உடைய அம்முகத்துக்கு மக்கள் குறத்திப்பெண் என்று பொருள்படும் பெயரை இட்டனர். காசியாந்தெப் நகரின் சின்னமே இன்று அதுவாகிவிட்டது.

அந்தத் தரையைச் சேர்ந்த வேறு 12 துண்டுகள் கடல் கடந்து போயிருந்தன. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள பௌலிங் கிறீன் பல்கலைக்கழகம் 1965 இல், அவை அந்தியோக்கியாவைச் சேர்ந்தவை என்று நம்பி, விலைகொடுத்து வாங்கியது. அவை சியூக்மாவில் களவாடப்பட்டவை என்பது பின்னர் தெளிவாயிற்று. 2018 இல் 12 துண்டுகளும் தாயகம் திரும்பின. அடையாளம் காட்ட ஆளும் ஆவணமும் இருந்தமையால் அவை மீண்டன. எவரும் குறித்துவைக்காத பொருள் களவுபோனால், அது போனதென்று சொல்லக்கூட ஒருவர் இருக்கமாட்டார்.

நம் மாவட்டத்தின் நீர்

இதுவரை கூறியது தூரதேசத்துக் கதை. இனி நம் வாசலுக்கு வருவோம். மாத்தளையிலிருந்து தம்புள்ளை செல்லும் பாதையில், நாலந்தையில் உள்ள கெடிகேயைக் காணாதவர் நம்மிற் சிலரே. முற்றும் கல்லாலாகிய அக்கட்டடம் கி.பி. 8 ஆம் நூற்றாண்டிற்கும் 10 ஆம் நூற்றாண்டிற்கும் இடைப்பட்டது என்பர். பல்லவர் கலைப்பாணியும் பௌத்த மரபும் அதில் கைகோத்து நிற்கின்றன. குபேரனுடைய உருவமும் அங்கே உண்டு. மகாவலித் திட்டத்தில் போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது அதன் பழைய இடம் நீருக்குள் போகவிருந்தது. ஆகவே, அதனைக் கல் கல்லாகக் கழற்றி, நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்திய கரையில் மீண்டும் அடுக்கினர். சியூக்மாவில் 2000 இல் உலகம் வியந்து பார்த்த பணிக்கு ஒப்பான ஒன்று, அதற்கு முன்னரே நம் மாவட்டத்தில் நடந்திருக்கின்றது.

அடுத்து, லக்கல. மொறகஹகந்த - களு கங்கைத் திட்டத்தினால் பழைய லக்கல - பல்லேகமப் பட்டினம் நீர்த்தேக்கத்துக்குள் சென்றது. 2018 சனவரியில் புதிய லக்கல நகரம் திறக்கப்பட்டது. வறண்ட வயல்களுக்கு நீர் வேண்டும் என்பதை எவரும் மறுக்கார். புதிய கட்டடங்களும் பாதைகளும் வந்தன. ஆனால், நாலந்தைக் கெடிகேயைத் தூக்கியதுபோல ஓர் ஊரைத் தூக்க முடியுமா? கடைத்தெருவின் திருப்பம், ஆற்றில் இறங்கும் துறை, நிழலில் அமர்ந்து பேசிய மரம், ஒவ்வொரு வயலுக்கும் வழங்கிய பெயர் ஆகியவற்றை எந்தத் துணியில் ஒட்டிப் பெயர்ப்பது? அவற்றுக்கு இருக்கும் ஒரே நூதனசாலை அங்கே வாழ்ந்த முதியோரின் நினைவு. லக்கேகல மலைமுடியை இராவணனோடு இணைத்து இப்பகுதியில் வழங்கும் கதைகளும் அவ்வாறே வாயிலிருந்து வாய்க்குச் செல்கின்றன. மலை நீரில் மூழ்காது; கதை மூழ்கிவிடக்கூடும்.

மண்ணில் ஆடிய கதைகள்

சியூக்மாச் செல்வர் தம் புராணத்தைக் கல்லில் பதித்தனர். நம் முன்னோர் யாது செய்தனர்? மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் தம்புள்ளையும் நாலந்தையும் கடந்து மாத்தளைக்கு நடந்துவந்த தொழிலாளர், கையில் மூட்டையும் நெஞ்சில் கதைகளும் கொண்டு வந்தனர். வழியில் மாண்டோர் பலர். எஞ்சியோர் மலைச்சாரலில் லயங்களில் குடியேறினர். அவர்கள் தரை மண்ணும் சாணமும். அந்தத் தரைக்கு முன்னால், திறந்த வெளியில், அவர்கள் காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் ஆடினர். செல்வன் வீட்டுத் தரையில் அக்கிலீஸ் அசையாது நின்றான். நம்மவர் ஆடிய மண்ணிலோ அருச்சுனன் ஆண்டுதோறும் மரமேறித் தவம் செய்தான்.

இரண்டும் தரையில் எழுதிய புராணமே. கல்லில் எழுதியதை மண் மூடினாலும் தோண்டி எடுக்கலாம். காலால் எழுதியதை அடுத்த தலைமுறை கற்றுக்கொண்டாலன்றி எடுப்பதற்கு வழியில்லை. கூத்தின் பாட்டு எத்தனை, எந்தத் தாளத்துக்கு எந்த அடவு, எந்த நாளில் கம்பம் ஊன்றுவது, முதலில் எந்தத் தோட்டத்தில் யார் ஆடினார் என்பவற்றை அறிந்தோர் நாளுக்கு நாள் குறைந்துவருகின்றனர். தோட்டத்துக் கோயில்கள் பலவற்றின் நிலையும் இதுவே. மரத்தடியில் ஒரு கல்லாகத் தொடங்கிய அம்மன், இன்று கோபுரத்தோடு விளங்குகின்றாள். அந்த முதற் கல்லை வைத்தது யார் என்று கேட்டால், எழுத்தில் விடை உண்டா?

இளைஞர்காள்! சியூக்மாவில் பணி தொடங்கியபோது நீர் ஏறிக்கொண்டிருந்தது. நமக்கு அவ்வளவு நெருக்கடி இல்லை என்று எண்ணாதீர்கள். ஒரு முதியவர் மறையும்போது ஒரு மாளிகைத் தரை நீருக்குள் போகின்றது. அதனை மீட்க 50 இலட்சம் டொலர் வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் பேனையும், ஒரு மாலைப்பொழுதும், கேட்கும் பொறுமையும் போதும். உங்கள் கையிலுள்ள தொலைபேசி குரலையும் காட்சியையும் ஒருங்கே பதிவுசெய்யும். ஊரின் பெயர், ஆண்டு, சொன்னவர் யார், யாரிடம் கேட்டார் என்பவற்றைத் தவறாது குறியுங்கள். அவையே, தரைக்கு அடியில் இடித்து இறுக்கிய சாந்துபோல, மேலே வரும் வரலாற்றைத் தாங்கி நிற்கும்.

பெரியோர்களே! உங்களிடம் கேட்க வரும் பிள்ளைகளை இதெல்லாம் எதற்கு என்று திருப்பி அனுப்பாதீர்கள். தரையில் குனிந்து கல் பதித்த சோசிமோசின் பெயர் இன்றும் இருக்கின்றது. இந்த மலைகளில் கூத்தாடியவர், கோயில் எடுத்தவர், பாதை சமைத்தவர் ஆகியோரின் பெயரும் இருத்தல் வேண்டும். சங்கத்தின் அடுத்த மலர் வெளிவருமுன், உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ஊர்க் கோயில் ஒன்றின் வரலாற்றையோ, தம் வீட்டு முதியவர் ஒருவரின் நினைவையோ எழுதித் தருவார்களாயின், அம்மலர் நம் மாவட்டத்துக்கு ஒரு நூதனசாலையாக விளங்கும்.